கறிக்குக் குறைவில்லாத வீட்டில் ரத்தம் குறைவது ஏன்?

 

வழக்கமாக இந்தப் பக்கத்தில் டிரஸ்ட்டின் வரவு செலவையும் கல்வி உதவி, மருத்துவ உதவி விபரங்களையும் எழுதுவேன். இந்த மாதம் அடுப்படியைப் பற்றி எழுதுகிறேன். என் சொந்த வீட்டில் நடந்த ஒரு விஷயம்தான் அதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. அங்கிருந்த நர்ஸ், "கறி, மீன் எல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். என் மனைவிக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது. "எங்க வீட்ல கறிக்கு என்னம்மா குறை? வெள்ளிக்கிழமை தவறினாலும் கறி தவறாது" என்றார்.

"அது சரிம்மா. நேத்து காலையிலருந்து ராத்திரி வரைக்கும் பாப்பா என்ன சாப்பிட்டாங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

மனைவி யோசித்து யோசித்துச் சொன்னார். காலையில் பசியாற இடியப்பம், தேங்காய்ப்பால், சீனி. பதினொரு மணிக்குத் தேயிலையும் இரண்டு பிஸ்கட்டும். பகலுக்குச் சோறு, புளியாணம், அப்பளம். அஸருக்குப் பிறகு மறுபடி தேயிலை, ஒரு சமோசா. இரவு கடையில் வாங்கிய பரோட்டா இரண்டு, சால்னா. சொல்லி முடித்தபோது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. காலையிலிருந்து இரவு வரை ஒரு முட்டை இல்லை, ஒரு பயறு இல்லை, ஒரு கீரை இல்லை, ஒரு பழம் இல்லை.

"நீங்கம்மா?" என்று கேட்டார் நர்ஸ்.

"நான் எல்லாரும் சாப்பிட்ட பிறகு இருக்கறதைச் சாப்பிடுவேன்."

அவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 9.6. முப்பது வருடம் என் வீட்டில் சோறாக்கிப் போட்டவர். அதே வாரத்தில்தான் ரத்தக்குறைவுக்குச் சிகிச்சை பெற்ற ஒரு சகோதரிக்கு டிரஸ்ட் சார்பில் உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஊராருக்குக் காசோலை எழுதிய கை, தன் வீட்டுத் தட்டில் என்ன விழுகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று என்ன சாப்பிட்டோம்?

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அந்த நர்ஸ் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். போன பெருநாளுக்கு என்ன சாப்பிட்டோம், கல்யாணக் களரியில் என்ன சாப்பிட்டோம் என்பது கணக்கில் வேண்டாம். நேற்று, ஒரே ஒரு நாள். அதிலும் உங்கள் உம்மா, மனைவி, வயதுக்கு வந்த மகள் ஆகியோர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. நாம் கறி சாப்பிடும் சமுதாயம், அதனால் சத்துக்குக் குறைவில்லை என்ற நினைப்பு. வாரத்தில் ஒரு நாள் பிரியாணியோ நெய்ச்சோறோ உண்மைதான். மற்ற ஆறு நாளும் அரிசி, மைதா, சீனி, எண்ணெய், தேயிலை இவற்றில்தான் வண்டி ஓடுகிறது. வயிறு நிறைகிறது. ரத்தத்துக்கும் தசைக்கும் எலும்பிற்கும் போக வேண்டியது போகவில்லை.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. 2019–21இல் மத்திய அரசு எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இரண்டு பெண்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், மூச்சு வாங்குதல், எப்போதும் அசதி, பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனமின்மை என்று நாம் "திருஷ்டி", "சோம்பல்" என்று பெயர் வைத்திருக்கும் பலவற்றுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது.

எவ்வளவு தேவை?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்தான் இந்தியர்களுக்கான உணவு அளவுகளை வகுக்கிறது. அந்த நிறுவனம் 1918இல் நம் தமிழ்நாட்டின் குன்னூரில், ஒரே ஓர் அறையில், 'பெரிபெரி' நோயை ஆராயத் தொடங்கிய கூடம்தான். பின்னர் 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிச் சாப்பிட்டவர்களைப் பிடித்த நோய் பெரிபெரி. தவிட்டோடு போய்விட்ட பி1 வைட்டமின்தான் அதற்குக் காரணம்.

அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம் போதும். பருப்பு, பயறு வகை 85 கிராம் வேண்டும். கறி, மீன், முட்டை சாப்பிடும் நாளில் பருப்பில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொள்ளலாம். கீரையையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, கடலை, எள் போன்ற வித்துக்கள் 35 கிராம்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோதான் மாதம் முழுவதும் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 கிராம்கூட வராது. தேவை 85, கிடைப்பது 7. அரிசிச் சாக்கு மட்டும் மாதம் முடியுமுன்னே காலியாகிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய டப்பாவில் விற்கும் சத்துப் பவுடரோ வெளிநாட்டுப் பழமோ தேவையில்லை. நம் கடைத்தெருவிலும் மீன் சந்தையிலும் கொல்லைப்புறத்திலும் கிடைப்பவையே போதும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாசிப்பயறு, கொண்டைக்கடலை, பருப்பு

நூறு கிராம் பயறில் 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. அரிசியின் புரதத்தில் 'லைசின்' என்ற பகுதி குறைவு. பயறில் அது தாராளமாக உண்டு. அதனால் சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பருப்பாணத்தைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றினால் பயனில்லை. கரண்டியில் அள்ளினால் பருப்பு நிற்க வேண்டும்.

எளிய வழி, இரவு ஒரு கைப்பிடி பாசிப்பயறையோ கொண்டைக்கடலையையோ ஊறப்போடுவது. காலையில் வேகவைத்துக் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்தால் சுண்டல். முளைகட்டினால் இன்னும் நல்லது, அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். மக்தபுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் இந்தச் சுண்டலைக் கொடுத்துப் பாருங்கள்.

முட்டை

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அதுவும் உடல் முழுமையாகப் பயன்படுத்தக்கூடிய புரதம். ஏ, டி, பி12 வைட்டமின்கள் மஞ்சள் கருவில்தான் அதிகம். சிலர் பிள்ளைக்கு வெள்ளைக் கருவைக் கொடுத்துவிட்டு மஞ்சளை ஒதுக்குகிறார்கள். வளரும் பிள்ளைக்கு முழு முட்டைதான் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களில் பள்ளி நாட்களில் முட்டை போடுகிறார்களே, காரணமில்லாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைச் "சத்துணவு சாப்பிடாதே" என்று தடுக்கும் கௌரவம் நமக்கு வேண்டாம்.

வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. முட்டை வாங்கினால் ஆண்களுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று, பெண்களுக்கு இருந்தால் உண்டு. ஹீமோகுளோபின் கணக்கைப் பார்த்தால் இது நேர்மாறாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும் என்றும், மாதவிடாய்ப் பருவத்திலுள்ள பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. தேவை அதிகம் உள்ளவருக்குத் தட்டில் குறைவு என்பதுதான் நம் வீடுகளின் நிலை.

மத்தி, நெத்திலி

விருந்தாளி வந்தால் வஞ்சிரம் வாங்குகிறோம். மத்தியை, சாளை என்றும் சொல்வார்கள், "மலிவு மீன்" என்று தள்ளுகிறோம். சத்தைப் பார்த்தால் மத்தி எந்தப் பெரிய மீனுக்கும் இளைத்ததல்ல. இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு அதில் நிறைய இருக்கிறது. புரதமும் டி வைட்டமினும் உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுவதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. பொரிப்பதைவிட ஆணமாக வைப்பது நல்லது, எண்ணெயும் மிச்சம். கருவாட்டில் சத்து இருந்தாலும் உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது மேல்.

ஈரல், சுவரொட்டி

இரும்புச்சத்து என்று வந்தால் இவற்றுக்கு நிகர் குறைவு. கறியில் உள்ள இரும்பைக் கீரையில் உள்ள இரும்பைவிட உடல் பல மடங்கு எளிதாக ஏற்றுக்கொள்ளும். சுவரொட்டி சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியான பேச்சு. வாரம் ஒருமுறை ஆளுக்குச் சிறு அளவு போதும். ஈரலில் ஏ வைட்டமின் மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம். யூரிக் அமிலம், கொழுப்பு உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது.

கறி விஷயத்தில் ஒரு யோசனை. வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ஒரு கிலோவை ஆக்கித் தீர்ப்பதற்குப் பதில், அதே ஒரு கிலோவை மூன்று நாளைக்குப் பிரித்துக் காயோடும் பருப்போடும் சேர்த்து ஆக்கலாம். பயறோடும் கீரையோடும் கொஞ்சம் கறி சேர்ந்தால் அந்தப் பயறு, கீரையின் இரும்பையும் உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நம் தாளிச்சாவில் பருப்பும் காயும் எலும்புக்கறியும் சேர்ந்திருப்பது எவ்வளவு நல்ல சேர்க்கை என்று பாருங்கள். அதைக் கல்யாணத்துக்கு மட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை.

முருங்கைக் கீரை

காசு கொடுக்காமலே கிடைப்பது. நூறு கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. இரும்பும், கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமினாக மாறும் சத்தும், சி வைட்டமினும் உண்டு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவதும் அரைமணி நேரம் கொதிக்கவிடுவதும் தவறு. அடுப்பில் போட்டுச் சில நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். பிள்ளைகள் கீரையென்றால் ஓடுகிறார்களா? உருவிய இலையை அடைமாவில் போடுங்கள், முட்டையோடு அடித்துப் பொரியுங்கள், கோழி ஆணம் இறக்கும்போது ஒரு கைப்பிடி தூவுங்கள். என் வீட்டில் முட்டையும் முருங்கையும் சேர்த்த பொரியல்தான் முதலில் ஜெயித்தது.

கேழ்வரகு, கம்பு, புழுங்கலரிசி

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. கம்பில் இரும்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு. எல்லா நாளும் மாற்றச் சொல்லவில்லை. வாரம் மூன்று நாள் காலையில் இடியப்பத்தையோ ஆப்பத்தையோ கேழ்வரகில் செய்யலாம், கேழ்வரகுப் புட்டுச் செய்யலாம், கம்பங்கூழ் காய்ச்சலாம். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகள் "கேழ்வரகுதானே" என்று அளவில்லாமல் கூழ் குடிக்கக் கூடாது. அதுவும் மாவுச்சத்துதான்.

வேர்க்கடலை

ஏழைகளின் பாதாம் என்று இதைச் சொல்வதில் மிகையில்லை. நூறு கிராமில் சுமார் 24 கிராம் புரதம். பாதாமும் ஏறக்குறைய இவ்வளவுதான் தருகிறது, விலைதான் வேறு. அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் போதும். பூசணம் பிடித்த, கசந்த கடலையைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள், அது ஈரலுக்குக் கேடு. மிகச் சிறு பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

கொய்யா, நெல்லி, எலுமிச்சை

இவை இரும்புச்சத்துக்குக் கதவு திறந்துவிடும் பழங்கள். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு தானாக உடலில் அதிகம் சேராது. சி வைட்டமின் கூட இருந்தால் நன்றாகச் சேரும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள். சோற்றோடு ஒரு பெருநெல்லியைத் துவையலாக வையுங்கள். சாப்பிட்ட பின் ஆளுக்குப் பாதிக் கொய்யா. நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிப் போகிறோமே, நம்மூர்க் கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு சி வைட்டமின் இருக்கிறது.

பேரீச்சம்பழம் போதாதா?

இதை எழுதினால் சிலர் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். ரத்தக்குறைவு என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது பேரீச்சம்பழமும் அதன் பாகும்தான். என் மகளுக்கும் அதைத்தான் கொடுத்து வந்தோம். பேரீச்சை நல்ல பழம், பரக்கத் நிறைந்த பழம். உடனே தெம்பு தரும், மலச்சிக்கலுக்கு நல்லது, நோன்பு திறக்க அதைவிடச் சிறந்தது எது? ஆனால் மூன்று பழத்தில் கிடைக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். தேவையோ 29. பழத்தைப் பழமாகச் சாப்பிடுவோம், அதையே மருந்து என்று நினைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பாட்டில் பாகில் சர்க்கரையும் சேர்ந்தே வருகிறது.

தேயிலை என்ற திருடன்

நல்ல சாப்பாடு சாப்பிட்ட கையோடு ஒரு கிளாஸ் தேயிலை குடிப்பது நம் ஊர் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் வெளியே தள்ளிவிடும். காப்பியும் அப்படியே. தேயிலையை விடச் சொல்லவில்லை, சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். சாப்பாட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரைக்கும் அதே இடைவெளி. செலவே இல்லாத மருத்துவம் இது.

நமக்குத் தெரிந்த நல்ல உணவு ஒன்று

புதிதாக எதையும் தேட வேண்டாம் என்றேன் அல்லவா? நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். நொறுக்கிய அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கறிக்கொத்து, தேங்காய்ப்பால், மல்லி, புதினா. தானியம், பருப்பு, கறி மூன்றும் ஒரே சட்டியில். பள்ளிவாசலில் வரிசையில் நின்று வாங்கி வரும் இந்தக் கஞ்சியை ஷவ்வால் பிறை கண்டதும் பதினொரு மாதத்துக்கு மறந்துவிடுகிறோம். வாரம் இரண்டு இரவு பரோட்டாவுக்குப் பதில் வீட்டிலேயே இந்தக் கஞ்சியைக் காய்ச்சலாம். அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, ஒரு கைப்பிடி முருங்கை போட்டு, எலுமிச்சை பிழிந்தால் பெரியவருக்கும் ஒத்துக்கொள்ளும், குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும்.

ஒரு நாள் கணக்கு

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். 250 கிராம் அரிசியிலிருந்து ஏறக்குறைய 20 கிராம் வந்துவிடும். அதோடு ஒரு முட்டை 6 கிராம், 50 கிராம் பயறு 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். கூட்டினால் 45. ஒரு குவளை மோரோ ஒரு துண்டு மீனோ சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பயறு, ஒரு கைப்பிடி கடலை. ஒரு பரோட்டா, சால்னா வாங்கும் காசை இங்கே திருப்பிவிட்டால் போதும்.

சேர்ப்பது மட்டும் போதாது, இடமும் விட வேண்டும். வழக்கமான சோற்றின் அளவைக் குறைக்காமல் இவற்றையும் மேலே ஏற்றினால் எடைதான் கூடும். ஒரு அகப்பை சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பயறும் காயும் வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

உணவு மருந்துக்கு மாற்று அல்ல. ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு பிரட்டும். இதற்குப் பயந்து நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையை மறுக்காதீர்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் எவ்வளவு சத்தும் வீண்தான். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்றால் வெட்கப்படாமல் பெண் டாக்டரிடம் காட்டுங்கள். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் ரத்தம் குறைந்தால் உணவை மட்டும் காரணமாக்காமல் அவசியம் பரிசோதியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயறு, பழம் எதையும் டாக்டரின் அளவுப்படியே சாப்பிட வேண்டும்.

நம் மளிகைப் பை

டிரஸ்ட்டின் தவறையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் நாம் கொடுக்கும் மளிகைப் பையின் பட்டியலை எழுதியது நான்தான். அரிசி, மைதா, சீனி, வனஸ்பதி, சேமியா, தேயிலை. பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது அந்த நர்ஸின் கேள்வி என் காதில் விழுந்தது. என் வீட்டுத் தட்டில் இருந்த அதே குறையை, ஸதகா என்ற பெயரில் மற்றவர் வீட்டுக்கும் பையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஹலால்தானா என்று மட்டும் பார்த்தோம். தய்யிபும் சேர்ந்ததுதானே மார்க்கம்? உடலுக்கு நல்லதா என்று பார்க்கவில்லை.

நிர்வாகக் குழுவில் பேசி, வரும் மாதத்திலிருந்து மைதாவையும் வனஸ்பதியையும் எடுத்துவிட்டு, சீனியைப் பாதியாக்கி, அந்தத் தொகைக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, கேழ்வரகு மாவு வைக்க முடிவு செய்திருக்கிறோம். பை கொஞ்சம் சிறிதாகத் தெரியும். யாரும் குறைத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். நன்கொடை தரும் சகோதரர்களும் அரிசிச் சிப்பமாகவே தராமல் ஒரு மூட்டைப் பயறாகத் தர முன்வந்தால் நல்லது.

என் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாத்திரை தவறாமல் கொடுத்தோம், சாப்பாட்டை மாற்றினோம். பிரசவ நேரத்தில் 10.8 வரை வந்தது. அதில் பெரும்பங்கு மாத்திரையுடையது. அந்த இரண்டு மாதத்தில் உணவு மட்டும் அவ்வளவு ஏற்றியிருக்காது. அல்ஹம்துலில்லாஹ், பேரப்பிள்ளை நலம். என் மனைவியின் 9.6 ஒரு வருடத்தில் 11.9 ஆகியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போக வேண்டும், 12 வேண்டும்.

எங்கள் வீட்டில் உண்மையில் மாறியது ஒன்றுதான். இப்போது எல்லோரும் ஒரே ஸஹனைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கடைசியில் தனியாக அடுப்படியில் உட்கார்ந்து சட்டியில் ஒட்டியதைச் சாப்பிடுபவர் எங்கள் வீட்டில் இல்லை. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் நன்மை உண்டு என்ற நபிமொழியைப் பல மேடைகளில் நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கவளத்தில் ஒரு முட்டையும் கொஞ்சம் பயறும் இருக்கட்டும்.

இன்று இரவே கேளுங்கள்: நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? பதிலை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்